சத்தம் வரணும்

அக்கா, இந்த ஃபைலைக் கொஞ்சம் உங்கள் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? கம்பிக்கு ஒரு கை, துப்பட்டாவுக்கு ஒரு கை, ஃபைலுக்குக் கை இல்லை. மடங்காமல் இருந்தால் போதும். ஆபீசில் கொடுக்க வேண்டியது.

உங்கள் பக்கத்துப் பெரியவர் இறங்குகிறாரே. நல்லதாயிற்று, கொஞ்சம் நகருங்கள். இல்லை இல்லை, ஃபைல் உங்களிடமே இருக்கட்டும். இடம் மாற்றினால் உள்ளே இருக்கிற தாள் எல்லாம் கலைந்துவிடும்.

நானா, விருதுநகர்தான். கல்வி ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும். ஒரு வாத்தியார் மேல் புகார் கொடுக்கப் போகிறேன். எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியில் இப்போது தலைமையாசிரியர், ஞானதுரை சார். எனக்கு அஞ்சாம் வகுப்பு எடுத்தவர். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். அவரிடம் படித்துவிட்டு அவர் மேலேயே புகாரா என்று. படித்ததால்தானே அக்கா புகார் எழுதவே தெரிகிறது.

நான் மதுரையில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். கோமதி. வீட்டில் வைத்த பேர் சங்கரகோமதி. பரீட்சை முடிந்து லீவுக்கு வந்திருக்கிறேன். பட்டிமன்றத்தில் பேசுவேன். எந்த அணியில் போட்டாலும் பேசுவேன், அதனால் என்னிடம் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. அம்மாகூட, "உன் வாய்க்குப் பயந்தே ஒரு மாப்பிள்ளையும் வர மாட்டான்" என்பாள். அது போகட்டும்.

விஷயம் இதுதான். முன்னாள் மாணவர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழு. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாருக்குப் பாராட்டு விழா, பொன்னாடை, நினைவுப் பரிசு, பிரியாணி. ஆளாளுக்கு எழுதுகிறார்கள். சார் இல்லாவிட்டால் நான் இல்லை, சார் கண்டிப்பால்தான் இன்று நிமிர்ந்து நிற்கிறேன், இப்படி. நான் எழுதினேன்: "குழந்தைகளை அடித்தவருக்கு எதற்குப் பொன்னாடை?" அவ்வளவுதான். நாற்பது பேர் பாய்ந்தார்கள். என்ன எழுதினார்கள் தெரியுமா? "சார் ஒரு நாள்கூட யார் மேலயும் கை ஓங்குனதில்ல. மனசாட்சியோட பேசு கோமதி."

எனக்குக் கோபம் வந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் வரவில்லை. கோபமாக எழுத வருகிறது. எழுதும்போது உள்ளே ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்கும் பாருங்கள், அப்படி. கல்வி உரிமைச் சட்டம், பதினேழாவது பிரிவு, உடலுக்கும் தண்டனை கூடாது, மனசுக்கும் கூடாது என்று எண் போட்டு எழுதினேன். நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அவர் எப்படி அடிப்பார் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். கம்பு கிடையாது, ஸ்கேல் கிடையாது. அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். தினமும் மதியச் சாப்பாடு முடிந்து மனக்கணக்கு. ஒரு கணக்குச் சொல்வார். முதல் பெஞ்சிலிருந்து வரிசையாக வரும். தெரியாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அப்படியே ஒவ்வொருவராக எழுந்து எழுந்து, யாரோ ஒருவர் பதில் சொல்வார்கள் இல்லையா, அவர் திரும்பி வரிசையாகப் போய், நிற்கிற எல்லார் தலையிலும் ஒரு குட்டு வைக்க வேண்டும். உங்கள் பள்ளிக்கூடத்திலும் இருந்ததா? பார்த்தீர்களா. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருந்திருக்கிறது, எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

குட்டு மெதுவாக விழுந்தால் சார் விட மாட்டார். மேஜைக்கு வருவார். விரலை மடக்கி மரத்தில் ஒரு குட்டு வைத்துக் காட்டுவார். "டக்குன்னு கேட்டுச்சா? இந்தச் சத்தம் வரணும். என்ன தடவிக் குடுக்க? இன்னொரு தடவை." சத்தம் வருகிற வரைக்கும் இன்னொரு தடவை. அப்படியென்றால் மெதுவாகக் குட்டுவதுதான் கொடுமை, யோசித்துப் பாருங்கள். நாலு மெதுவான குட்டுக்கு ஒரு நல்ல குட்டு எவ்வளவோ மேல். நடு விரல் முட்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளி மடக்கினால் முதல் தடவையே வந்துவிடும். வலியும் சட்டென்று முடிந்துவிடும்.

நான் கடைசி பெஞ்ச். மக்கு என்று நினைக்காதீர்கள். நான்தான் முதல் ரேங்க். முன்னால் உட்கார்ந்தால் உடனே பதில் சொல்லிவிடுகிறேன், கணக்கு மற்றவர்களுக்குப் போவதே இல்லை என்று சார்தான் கடைசியில் மாற்றினார். "கோமதி கடைசியில இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரு வாய்ப்புக் குடுப்போம்." அதனால் கணக்கு என்னிடம் வந்து சேரும்போது முழு வகுப்பும் நின்றுகொண்டிருக்கும். முப்பத்தோரு பேர். எனக்குப் பக்கத்தில் மாரீஸ்வரி. எனக்கு முந்தின ஆள் அவள்தான், அதனால் திரும்பிப் போகும்போது முதல் ஆளும் அவள்தான்.

ஒரே ஒரு நாள் எனக்கும் தெரியவில்லை. காய்ச்சல் அன்றைக்கு. ஏழு டஜன் வாழைப்பழம், ஒன்பது அழுகிப்போனால் மிச்சம் எத்தனை? இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு வாயில் எண்பது, எழுபது என்று வருகிறதே தவிர நிற்க மாட்டேன் என்கிறது. எழுந்து நின்றேன். சார் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு, "வேற யாருக்காவது தெரியுதா?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரையும் மணி அடிக்கிற வரைக்கும் முட்டி போடச் சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். சிமெண்டுத் தரை. முட்டியில் மணல் குத்தியது. ஆனால் என் தலையில் ஒரு குட்டு விழவில்லை. அந்த வருடம் முழுக்க விழவில்லை. அதிர்ஷ்டம்தான்.

டிக்கெட்டா? பெண்களுக்கு இலவசச் சீட்டுக் கிழிக்கிறார், வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கும் ஒன்று.

இப்போது எதற்குப் புகார் என்றால், பழைய கணக்கைத் தீர்ப்பதற்கு இல்லை. எங்கள் பக்கத்து வீட்டில் மகிழினி என்று ஒரு பிள்ளை, அஞ்சாம் வகுப்பு. சார் தலைமையாசிரியர் ஆன பிறகும் அஞ்சாம் வகுப்புக்கு மனக்கணக்கு மட்டும் அவரே எடுக்கிறாராம். இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறது. இன்றோடு பதினேழு நாள். சீருடை போட்டுக்கொள்ளும், பை மாட்டிக்கொள்ளும், வாசல் வரைக்கும் வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அழவும் அழாது. அவள் அம்மா விஜயராணி அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாப் படிக்கிற பிள்ளை கோமதி. எந்தக் கணக்குக் கேட்டாலும் இவதான் சொல்லுவாளாம். என்னத்துக்குப் பயப்படுதான்னே தெரியல."

தலையைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை. வலது கை நடு விரல் முட்டி மட்டும் சிவந்து, தோல் கொஞ்சம் உரிந்திருந்தது. கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். சரி, விரலில் அடித்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டேன். அன்று ராத்திரியே நாலு பக்கம் புகார். "விரல் முட்டிகளில் ஆசிரியர் தாக்கியதன் அடையாளம் காணப்படுகிறது."

விஜயராணி அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். "பிள்ளை அங்கதான படிக்கணும். நீ எழுதிக் குடுத்து அவரு மாறிட்டாருன்னா அனுப்புதேன். அது வரைக்கும் வீட்லயே கெடக்கட்டும்." ஆபீசில் போய் விசாரித்தேன். ஒரு கிளார்க், நல்ல மனிதர்தான், மேலோட்டமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "ஒரே ஒரு ஆள் குடுத்தா சொந்தப் பகைன்னு மூடிருவாங்கம்மா. கூடப் படிச்ச இன்னொருத்தர்கிட்ட வாக்குமூலம் வாங்கிட்டு வா. யார் அடிச்சா, எப்படி அடிச்சா, பேர் போட்டு இருக்கணும்."

நாற்பது பேர் எனக்கு எதிராக இருக்கிற குழுவில் யாரிடம் கேட்பது? மாரீஸ்வரி நினைவு வந்தாள். அவள் குழுவில் இல்லை. எட்டாவதோடு நின்றுவிட்டாள். சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் வேலை. அவளை விட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்குமா? வருடம் முழுக்க நின்றவள். எங்கள் தலைமுறையின் கல்வி முறை எப்படி ஒரு பிள்ளையை வெளியே தள்ளியது என்பதற்கு அவளே உதாரணம். இதை நான் பட்டிமன்றத்தில் பேர் சொல்லாமல் மூன்று தடவை பேசியிருக்கிறேன். கைத்தட்டல் வரும்.

போனேன். டிசம்பர் இல்லையா, கம்பெனியில் தலைக்கு மேல் வேலை. தேதித் தாளை எல்லாம் அடுக்கிச் சேர்த்துக் கட்டாக்குகிற வேலை அவளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். கை முழுக்க மை.

"ஏ கோமதி, நீயா. பெரிய படிப்புப் படிக்கன்னு சொன்னாங்க."

"நீ எப்படி இருக்க மாரி?"

"எனக்கென்ன. அடுத்த வருசம் பூரா என் கையிலதான் இருக்கு. ஒரு தாளு கூட வந்தாலும் கொறஞ்சாலும் கை சொல்லிரும். கட்டைத் தூக்குனாலே தெரியும்."

சிரித்தாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். டிபன் பாக்ஸ் மூடியில் எனக்கும் கொஞ்சம் புளிச்சோறு வைத்தாள். அவள் தலையில் வெட்டின காகிதத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. எடுப்போமே என்று கையை நீட்டினேன். சட்டென்று குனிந்துகொண்டாள். சாப்பிட்டுக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல். குனிந்தது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான் கையை எடுத்துக்கொண்டேன். துணுக்கு அங்கேயே இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். "ஞானதுரை சார் உன்னை எப்படியெல்லாம் அடிச்சாரு, அதை எழுதிக் குடு."

அவள் யோசித்தாள். "சாரா? சார் எம் மேல கையே வச்சதில்லியே."

"என்ன மாரி, நீயும் அவங்க மாதிரியே பேசுற. தினமும் உனக்குக் குட்டு விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. குட்டுனது நீதான."

சோற்றை உருட்டிக்கொண்டே சொல்கிறாள். கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மழை பெய்ததா என்று கேட்டால் பெய்தது என்று சொல்வோமே, அப்படி. நான் விளக்கினேன். எனக்குப் பத்து வயது. அவர் சொன்னார், நான் செய்தேன். செய்யாவிட்டால் அவர் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார். பிள்ளையை வைத்துப் பிள்ளையை அடிப்பது ஒரு அமைப்பு, அதில் என் கை வெறும் கருவி. இதில் எது தப்பு அக்கா? ஒரு வார்த்தை தப்பா? அவளும் ஆமா என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஆமா. "ஆமா, நீ என்ன செய்வ. ஆமா, சின்னப் பிள்ளைதான. ஆமா, சார்தான் சொன்னாரு." ஜெயித்துவிட்டேன். ஆனால் எதிரணி எழுந்து பேசினால்தானே ஜெயித்த மாதிரி இருக்கும்.

அப்புறம் அவளாகவே சொன்னாள். "உனக்கு ஒரு நாளு காய்ச்சலு. வாழைப்பழக் கணக்கு. ஞாவகம் இருக்கா?"

"இருக்கு. அன்னைக்கு யாருக்குமே தெரியலையே."

"எனக்குத் தெரிஞ்சுச்சு. எம் முறை வந்தப்ப வரல. நீ எந்திரிச்சு நின்ன பொறகு வந்துருச்சு. எழுவத்தஞ்சு. அந்த வருசத்துலயே எனக்கு வந்த ஒரே கணக்கு அதுதான்."

"சார் கேட்டாரே, வேற யாருக்காவது தெரியுதான்னு. ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னையும் சேத்துல்ல குட்டணும். உனக்குக் காய்ச்சலு வேற." டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்தாள். "அதான் முட்டி போட்டுத் தொலைப்போம்னு விட்டுட்டேன்."

இதற்கு நான் என்ன சொல்ல முடியும் என்று நினைக்கிறீர்கள்? நான் சொன்னேன், "அதைத்தான் மாரி, அந்த அமைப்பு உன் அறிவை எப்படி வாயை மூட வச்சுச்சுன்னு எழுது." அப்படித்தான் சொன்னேன். சொன்ன பிறகு கேட்க நன்றாக இருந்தது. அவள் தண்ணீரை உதறிவிட்டு, தாள் கொடு என்றாள்.

உங்கள் மடியில் இருக்கிற ஃபைலில் அதுதான் இருக்கிறது. திறந்து பாருங்கள், பரவாயில்லை. ஓரத்தில் மை விரல் பட்டிருக்கிற தாள். அஞ்சே வரி. "மனக்கணக்குக்குப் பதில் தெரியாதவர்கள் தலையில் கோமதி குட்டுவாள். ஞானதுரை சார் குட்டச் சொல்வார். சத்தம் வரவில்லை என்றால் மறுபடி குட்டச் சொல்வார். சார் எங்களைத் தொட்டதில்லை. இது உண்மை. இப்படிக்கு மாரீஸ்வரி."

அதைப் படித்துவிட்டு நான் எடுத்துச் சொன்னேன். மாரி, இதில் என் பேர் எதற்கு? படிக்கிறவர்கள் கவனம் என் மேல் போகும், சார் தப்பித்துவிடுவார். ஒரு மாணவி என்று போட்டால் போதும். அது இன்னும் பலமான வாதம். அவள் தாளைப் பார்த்தாள். "ஒரு மாணவின்னா யாருன்னு கேக்க மாட்டாங்களா?" என்றாள். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சரி என்று இன்னொரு தாளில் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உனக்குத்தான் எப்பவும் பதில் தெரியும்." கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிடு என்றுகூடச் சொல்லவில்லை. அதனால் ரெண்டும் இருக்கிறது.

இப்போது கேள்வி என்னவென்றால், எதைக் கொடுப்பது? யோசித்துப் பாருங்கள். ரெண்டாவதைக் கொடுத்தால் அந்தக் கிளார்க் முதல் கேள்வியே, யார் அந்த மாணவி, கூப்பிடுங்கள் என்பார். சார் மேஜை மேல் கையை வைத்துக்கொண்டு, நான் ஒரு பிள்ளையையும் தொட்டதில்லையே என்பார். அது உண்மை. அதோடு மூடிவிடுவார்கள். முதல் தாளைக் கொடுத்தால் மூட முடியாது. ஆனால் அதோடு நானும் ஒரு வரி எழுத வேண்டும். அவர் சொல்லி நான் குட்டினேன் என்று. என் நாலு பக்கப் புகாரில் எங்களை அடித்தார், எங்களைத் துன்புறுத்தினார் என்று இருக்கிறது. எங்களை என்பதில் நானும் இருக்கிறேன். அதில் பொய் இல்லை. எனக்கும் முட்டியில் மணல் குத்தியதே.

மகிழினி விரல் முட்டி ஏன் சிவந்திருந்தது என்று இப்போது தெரியும். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று அவள் அம்மா முதலிலேயே சொன்னாள். அவள் முட்டியை இன்னும் தள்ளி மடக்கக் கற்றுக்கொள்ளவில்லை, அதனால் தோல் உரிகிறது. எனக்கு ரெண்டே நாளில் வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை, வாசலில் உட்கார்ந்துவிட்டாள். புகாரில் அந்த வரியை இன்னும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும். நேற்று அவளிடம் போய், பயப்படாதே, அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீங்களும் கடைசி பெஞ்சாக்கா?" என்று கேட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாய்க்குட்டி ஒன்று வந்தது, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அக்கா? பத்து வயதுப் பிள்ளை செய்ததற்கு இருபத்திரண்டு வயதில் கையெழுத்துப் போடச் சொல்வது நியாயமா? நியாயமில்லை, இல்லையா? நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். போன தடவை நீங்கள் இருக்கிற இடத்தில் ஒரு சத்துணவு அமைப்பாளர் உட்கார்ந்திருந்தார், அவரும் அப்படியேதான் சொன்னார். அதற்கு முந்தின தடவை ஒரு நர்சம்மா. அவர், உன் மேல் துளி தப்பில்லை கண்ணு என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எந்தக் கையை என்று பார்த்தேன். இந்த வலது கையைத்தான். ஒன்றும் தெரியவில்லை, ஏதோ சூடு பட்ட மாதிரி இருந்தது.

இந்த ஃபைலோடு முதல் தடவை வந்தபோது மகிழினி நாலு நாள்தான் போகாமல் இருந்தாள்.

ஆர்.ஆர். நகர் எப்போதோ தாண்டிவிட்டதே. என்ன சொல்கிறீர்கள், கல்வி ஆபீஸ் ஸ்டாப்பா? இப்போது நின்றதே அதுவா? கண்டக்டர் கத்தினாரா? பேச்சு மும்முரத்தில் காதில் விழவில்லை. இல்லை அக்கா, விசில் அடிக்கச் சொல்ல வேண்டாம். ஜன்னலில் தட்டினால் நிறுத்துவார்தான், எனக்கும் தெரியும். தட்ட வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திரும்பி நடந்துகொள்கிறேன், ஒரு கால் மணி நேரம்தான். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப அங்கேயே சாத்தூர் பஸ் நிற்கும்.

ஃபைலா? இருக்கட்டும் அக்கா, உங்கள் மடியிலேயே இருக்கட்டும். இறங்கும்போது வாங்கிக்கொள்கிறேன்.